பெல்ட் கீச்சிடுகிறதா? மாற்றும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள்ளிருந்து 'கிறீச்' என்று சத்தம் வந்தால், ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம் இரண்டுதான். என்ஜினின் சுழற்சியை ஏ.சி. போன்றவற்றுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டில் சோப்பைத் தேய். கேட்காவிட்டால் பெல்ட்டை மாற்று. முதலாவது தவறு. இரண்டாவது பல நேரங்களில் வீண்செலவு. புது பெல்ட்டின் வரிகள் (நீளவாக்கில் ஓடும் மேடுகள்) தேயாமல் இருப்பதால் சில வாரம் சத்தம் அடங்கியிருக்கும். பிறகு அதே கீச்சு திரும்பும். பழி பெல்ட் கம்பெனி மேல் விழும். வாகனப் பராமரிப்புக் குறிப்புகளை வெளியிடும் நாளிதழ்கள் சோப்பு யோசனையை விட்டுவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

முதலில் காதுக்கு வேலை. கீச்சிலும் இரண்டு வகை உண்டு. சிட்டுக்குருவி கத்துவதுபோல 'கிச், கிச், கிச்' என்று விட்டுவிட்டு, என்ஜின் வேகத்துக்குத் தகுந்தபடி தாளம் மாறி வருவது ஒன்று. 'கிறீ...ச்' என்று நீளமாக இழுப்பது மற்றொன்று. நீளக் கீச்சு சுமை ஏறும்போதுதான் பெரிதாகும்: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே, ஏ.சி. போட்டதும், ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்ததும். முதல் வகைக்குப் பெரும்பாலும் காரணம் புல்லிகள் (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்கள்) நேர்கோட்டில் இல்லாதது. இரண்டாவதற்குக் காரணம் பெல்ட் வழுக்குவது. இரண்டுக்கும் மருந்து வேறு.

காதை நம்ப முடியாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. என்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, சத்தம் வந்துகொண்டிருக்கையில், ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் புல்லி விலகியிருக்கிறது. சத்தம் நிற்காமல் இன்னும் பெரிதானால் பெல்ட்டின் இறுக்கம் (டென்ஷன்) போதவில்லை, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. காரணம் எளிது. விலகிய புல்லிக்குள் பெல்ட் சாய்வாக நுழையும்போது அதன் வரி பள்ளத்தின் சுவரை உரசி இறங்குகிறது. தண்ணீர் அந்த உரசலைக் குறைக்கிறது. வழுக்குகிற பெல்ட்டிலோ மிச்சமிருந்த பிடியையும் தண்ணீர் எடுத்துவிடுகிறது. வாளியால் ஊற்றினால் நல்ல பெல்ட்டும் வழுக்கும். அதனால்தான் கொஞ்சமாகத் தெளிக்கச் சொல்கிறோம். தண்ணீர் பட்டும் சத்தத்தில் மாற்றமே இல்லை, கரகரவென்று வருகிறது என்றால் ஏதோ ஒரு பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இதைச் செய்யும்போது தொங்கும் துணி, சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் என்ஜின் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டரின் எலக்ட்ரிக் ஃபேன் முன்னறிவிப்பின்றிச் சுழலும். சில கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும்கூட.

வழுக்கும் பெல்ட்டில் பெரும்பாலும் முதலில் வழுக்கும் இடம் பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரின் புல்லி. இருப்பதிலேயே சிறிய புல்லி அதுதான்; பெல்ட்டை ஓட்டும் என்ஜின் தண்டிலுள்ள கிராங்க் புல்லியைப்போல இரண்டரை, மூன்று மடங்கு வேகத்தில் சுழல்கிறது. 90 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும்போது ஆல்டர்னேட்டருக்குச் சுமார் 2 கிலோவாட் சக்தி தேவை. அத்தனையும் அந்தச் சின்னப் புல்லியைச் சுற்றியிருக்கும் சில அங்குலப் பெல்ட்டின் வழியாகத்தான் போக வேண்டும். ஸ்டார்ட் செய்தபோது இறங்கிய பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழுமூச்சில் உழைப்பதால்தான் காலையில் முதல் ஒரு நிமிடம் கத்திவிட்டுப் பிறகு அடங்குகிறது. பேட்டரியே பலவீனமாக இருந்தால் கத்தல் இன்னும் நீளும். அதையும் சோதிக்க வேண்டும்.

பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எங்கள் மனக்குறை. தானாக இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குள் ஒரு ஸ்பிரிங்கும், அதிர்வை அடக்கும் உராய்வுப் பகுதியும் உண்டு. இரண்டும் தேய்கின்ற பொருட்கள். என்ஜின் ஐடிலில் ஓடும்போது அதன் கை கிட்டத்தட்ட அசையாமல் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய வெடவெடவென்று ஆடினால் உராய்வுப் பகுதி போய்விட்டது. என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்பேனரால் கையைத் தள்ளிப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் சீராக, நல்ல எதிர்ப்போடு நகர வேண்டும். நடுவில் சிக்கினாலோ, விட்டதும் சோம்பலாகத் திரும்பினாலோ மாற்ற வேண்டியதுதான். கையின் அடியில் செம்மண் நிறத்தில் மெல்லிய துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது என்று பொருள். பல டென்ஷனர்களில் ஒரு முள்ளும் இரண்டு கோடுகளும் வார்க்கப்பட்டிருக்கும். முள் கோடுகளைத் தாண்டியிருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது, அல்லது தவறான அளவு பெல்ட் மாட்டப்பட்டிருக்கிறது.

பெல்ட்டைப் பார்த்து முடிவு செய்வதிலும் பழைய பழக்கம் ஏமாற்றும். முன்பு வந்த நியோபிரீன் பெல்ட்டுகளில் வரிக்குக் குறுக்கே வெடிப்பு விழும். வெடிப்பைப் பார்த்து மாற்றினோம். இப்போதைய ஈ.பி.டி.எம். ரப்பர் லேசில் வெடிக்காது. டயர் தேய்வதுபோலத் தேயும். பார்க்க நன்றாக இருக்கும் பெல்ட்டின் பள்ளங்கள் அகன்று போயிருக்கும்; புல்லியின் முனை பள்ளத்தின் அடியில் போய் முட்டும்; பக்கச்சுவரைக் கவ்வும் ஆப்புப் பிடி போய்விடும். புது பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து விரல் நகத்தால் இரண்டின் பள்ளத்தையும் தடவினால் வித்தியாசம் கைக்கே தெரியும். ஒரு வரி பிய்ந்திருந்தாலோ, ஓரத்தில் நூல் தொங்கினாலோ யோசிக்க வேண்டாம், மாற்றிவிடலாம். ஆனால் நூல் ஏன் வந்தது என்று கேளுங்கள். புல்லி விலகியிருந்தால் புதிய பெல்ட்டிலும் நூல் வரும்.

விலகலைப் பார்க்க நல்ல இரும்பு ஸ்கேல் ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்தால் ஓரளவு தெரியும். 30 செ.மீ. இடைவெளிக்கு 1.5 மி.மீ.-க்கு மேல் விலகல் இருக்கக் கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஆல்டர்னேட்டர் மாற்றியபோது வாஷர் இடம் மாறியது, பிராக்கெட் போல்ட் தளர்ந்தது, பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியின் பேரிங் ஆட்டம் கண்டது, இவையே வழக்கமான காரணங்கள். கிராங்க் புல்லியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் இருக்கிறது. அது பிளந்தால் வெளிவளையம் தள்ளாடும்; கீச்சு நிற்கவே நிற்காது.

இன்னொன்று, பெல்ட் மாட்டுகிறவரின் கவனக்குறைவு. ஆறு வரி பெல்ட்டை ஒரு பள்ளம் தள்ளி மாட்டிவிட்டால் விலகல் 3.56 மி.மீ. உடனே கிச்சுக்கிச்சு என்று கத்தும், சில நாளில் ஓரம் பிய்யும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கீழே கிராங்க் புல்லியில் டார்ச் அடித்து, ஓரத்தில் ஒரு பள்ளம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேரிங் சந்தேகம் இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருப்பது விரலுக்கே தெரியும். பெல்ட் இல்லாமல் என்ஜினை ஓட்டியும் பார்க்கலாம், ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் கூடாது. பல என்ஜின்களில் என்ஜினைக் குளிர்விக்கும் நீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. ஒரே திசையில் மட்டும் பிடிக்கும் புல்லி ஆல்டர்னேட்டரில் இருந்தால், அது ஒரு பக்கம் ரோட்டரையும் (உள்ளே சுழலும் பகுதி) இழுத்துச் சுழற்ற வேண்டும், மறுபக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் இறுகியிருந்தால் அந்தப் புல்லிதான் குற்றவாளி.

பெல்ட்டில் ஆயிலோ கூலன்ட்டோ பட்டிருந்தால் கசிவை முதலில் அடைக்க வேண்டும். வால்வு கவர் கேஸ்கெட், கிராங்க் முன்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை. சோப்பு, மெழுகு, பவுடர், பெல்ட் ஸ்பிரே எல்லாம் தூசியைக் கூட்டிவைத்துப் பள்ளத்தை அடைக்கின்றன. பிறகு மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையும் சரியான பதில் தராது.

மாற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் பாதையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெல்ட்டின் முதுகில் 6பி.கே.1200 என்பதுபோல எழுதியிருக்கும். 6 வரி, 1200 மி.மீ. நீளம் என்று பொருள். புல்லிப் பள்ளங்களை நைலான் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் கொண்டு சுத்தம் செய்து, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள். பள்ளமுள்ள புல்லிகளில் முதலில், வழவழப்பான புல்லியில் கடைசியாக. டென்ஷனரே இல்லாத, இழுபடும் வகை பெல்ட்டுக்குத் தனிக் கருவி வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டக் கூடாது. ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கும் பழைய கார்களில், இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கினால் போதும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. கத்துகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் போய்விடும். பெல்ட் வழியாகவே ஸ்டார்ட் ஆகும் மைல்டு ஹைப்ரிட் கார்களில் டென்ஷனர் அமைப்பே வேறு. அதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

மாட்டி முடித்து இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, எல்லாப் புல்லியிலும் பெல்ட் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினில் ஹெட்லைட், ஏ.சி. இரண்டையும் போட்டு ஸ்டியரிங்கை ஒருமுறை முழுக்க ஒடித்துக் கேளுங்கள். ஒர்க்ஷாப்பில் சூடான என்ஜினில் கேட்காத கீச்சு அப்போதுதான் வெளிவரும்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்