கால் பங்கு ஹீலியமும் மூன்று நியூட்ரினோவும்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பெருவெடிப்புக் கட்டுரை சுவாரசியமாக இருந்தது. ஆனால் ‘ஜெனிவாவில் பெருவெடிப்பையே மறுபடி நிகழ்த்துகிறார்கள்’ என்ற படக்குறிப்பைத் தவிர்த்திருக்கலாம். அங்கே செர்ன் ஆய்வகத்தின் நிலத்தடிச் சுரங்கத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டு, பிரபஞ்சத்தின் முதல் சில மைக்ரோ விநாடிகளில் நிறைந்திருந்த குவார்க்-குளுவான் பிளாஸ்மாவில் (புரோட்டானும் நியூட்ரானும் உருவாகும் முன் இருந்த கொதிக்கும் துகள் குழம்பு) ஒரு துளியை உண்டாக்கிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். துகள் இயற்பியல் ஆதிப் பிரபஞ்சத்துக்கு எப்படி உதவுகிறது என்று சொல்ல, அதே சுரங்கத்திலேயே இதைவிட நல்ல கதை இருக்கிறது.

பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில், எடைக் கணக்கில், ஏறக்குறைய கால் பங்கு ஹீலியம். விண்மீன்களுக்குள் உண்டானது மட்டும் என்றால் இவ்வளவு தேறாது. முதல் விநாடியில் வெப்பம் சுமார் ஆயிரம் கோடி டிகிரி. அதுவரை புரோட்டானும் நியூட்ரானும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருந்தன. பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு அந்த மாற்றம் ஈடுகொடுக்க முடியாமல் போனதும், சுமார் ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற நிலையில் விகிதம் உறைந்துவிட்டது. அடுத்த சில நிமிடங்களில் கொஞ்சம் நியூட்ரான் சிதைந்து, ஏழுக்கு ஒன்று ஆனது. மிஞ்சியவை அநேகமாக எல்லாமே ஹீலியத்துக்குள் போயின. 14 புரோட்டான், 2 நியூட்ரான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த ஒரு ஹீலியம் அணுக்கரு போக, 12 புரோட்டான் ஹைட்ரஜனாக மிச்சம். எடையில் 16-க்கு 4, அதாவது கால் பங்கு. பள்ளிக்கூடக் கணக்குதான்.

சரி, இதில் மின்னூட்டமே இல்லாத, மிக மிக லேசான துகளான நியூட்ரினோ எங்கே வருகிறது? (இந்தப் பெயரைக் கேட்டாலே பலருக்குத் தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம்தான் நினைவுக்கு வரும், அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை.) நியூட்ரினோவில் வகைகள் கூடக் கூட, பிரபஞ்சம் இன்னும் வேகமாக விரிந்திருக்கும். விகிதம் முன்னதாகவே உறைந்து, நியூட்ரான் அதிகம் தங்கி, ஹீலியமும் கூடியிருக்கும். ஆகவே வானில் காணும் ஹீலியத்தை வைத்தே நியூட்ரினோ வகைகளுக்கு உச்சவரம்பு போடலாம் என்று 1977-ல் ஸ்டைக்மன், ஷ்ராம், கன் என்ற மூன்று விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1980-களில் அந்த வரம்பு மூன்று, மிஞ்சினால் நான்கு என்று இறுகியது.

1989-ல் ஜெனிவா அருகே 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டு, உண்டானதும் சிதைந்துவிடும் இசட் போசான் என்ற கனமான துகளை ஏராளமாக உண்டாக்கினார்கள். அது சிதைந்து போகக்கூடிய நியூட்ரினோ வகைகள் எத்தனை அதிகமோ, அதன் ஆயுள் அத்தனை குறைவு. அப்படி அளந்ததில் கிடைத்த விடை, மூன்று. இத்தனைக்கும் மூன்றாவது வகையான டௌ நியூட்ரினோவை நேரடியாகக் கண்டது 2000-ல்தான்! வானத்து ஹீலியமும் பூமிக்கடியில் நடந்த சோதனையும் ஒரே எண்ணைச் சொன்ன இந்த இடம் உங்கள் கட்டுரையில் விடுபட்டதுதான் என் குறை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நியூட்ரானின் ஆயுளைப் பற்றியும் (தனித்திருக்கும் நியூட்ரான் சிதைய எடுக்கும் சராசரி நேரம்) யாரையாவது எழுதச் சொல்லுங்கள். குடுவையில் அடைத்து அளந்தால் சுமார் 878 விநாடி, கற்றையாக ஓடவிட்டு அளந்தால் சுமார் 888 விநாடி என்று வருகிறது. இந்தப் பத்து விநாடி வழக்கு இன்னும் தீரவில்லை. மேலே சொன்ன ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த ஆயுளுக்கும் பங்கு உண்டு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்