லோங்கேவாலாவில் உதவிய ஓட்டுநர் தம்பிக்கு

பழைய விக்ராந்த் போர்க்கப்பலில் வேலை பார்த்தவர்கள் ஜெய்சால்மரில் கூடினார்கள். அப்பாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் டாங்கிகளை நம் படை மறித்த லோங்கேவாலாவைச் சுற்றிப் பார்க்கும்போது அப்பாவுக்குத் தலைசுற்றல். எந்த அலைக்கும் அசராத மனுஷன், மணலில் சரிந்துவிட்டார்.

யாரும் கூப்பிடவில்லை, தம்பி. நீங்களே ஓடிவந்து ஜீப் நிழலில் படுக்கவைத்தீர்கள். உங்கள் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து, அவர் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினீர்கள். அவர் தெளிந்து உட்கார்ந்ததும், உங்கள் சாப்பாட்டுப் பையிலிருந்த உப்பு மோரை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தீர்கள். அன்று மதியம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்களோ! பணம் நீட்டினால், "ஃபௌஜி சாப்" (படைவீரர் ஐயா) என்று அப்பாவைக் கும்பிட்டதோடு சரி. பேர்கூடச் சொல்லாமல் அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

ஜெய்சால்மர் பக்கம் போகிறவர்கள் அந்தப் பச்சை ஜீப் தம்பியைப் பார்த்தால் சொல்லுங்கள்: அப்பா நன்றாக இருக்கிறார், உங்களைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.