சோதனைச்சாவடியோடு நின்றுவிடுகிறது எங்கள் காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்துக் காட்டுப் பகுதிகளைச் சுற்றிப் பார்க்க வருகிற மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு கோரிக்கை வைக்க இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

கன்னியாகுமரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் பாறையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு. அதில் 402 சதுர கிலோமீட்டரை 2008-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறை, இன்னொரு பக்கம் கேரளத்து நெய்யாறு என்று தொடர்ந்து கிடக்கிற பெருங்காட்டின் தென்கோடி இது. காளிகேசம், கீரிப்பாறை, உலக்கை அருவி, பேச்சிப்பாறை, கோதையாறு என்று விடுமுறை நாளில் வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். நான் தடிக்காரன்கோணத்துக்காரி. வீட்டு முற்றத்தில் நின்றாலே மலை தெரியும். சிறுவயதில் வந்த போலியோவால் வலது காலில் காலிபர் (காலைத் தாங்கும் கம்பிக் கூடு), கையில் ஊன்றுகோல். தையல் வேலை செய்கிறேன். அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டர் வந்த பிறகுதான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் கெஞ்சாமல் போய் வருகிறேன்.

ஆனால் அந்த ஸ்கூட்டர் காட்டு வாசல் வரைக்கும்தான் போகிறது. இந்தப் பக்கத்து இடம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். சோதனைச்சாவடியில் எல்லோரையும் போலக் கட்டணம் கட்டினேன். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "வண்டி உள்ளே விட மாட்டோம் அக்கா, இனி நடைதான்" என்றார் அங்கிருந்த தம்பி. நான் காலிபரைக் காட்டினேன். "தெரியுது அக்கா, ஆனா வண்டின்னா வண்டிதான். உங்களுக்குன்னு தனியா மேலேருந்து ஒண்ணும் வரலியே" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், உட்கார நாற்காலியும் எடுத்துப் போட்டார். என்னோடு வந்த தங்கையும் பிள்ளைகளும் உள்ளே போய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தார்கள். அதுவரை நான் வாசலில் இருந்தேன். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் ஒரு உத்தரவு இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே கம்பைத் தூக்கியிருப்பார்.

வண்டிகளை ஏன் நிறுத்துகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஹாரன், பாட்டுச் சத்தம், பிளாஸ்டிக், மது பாட்டில் எல்லாம் வண்டியோடுதான் உள்ளே போகின்றன. மிருகங்கள் நடமாடுகிற வழி அது. கண்டவர்களெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போவதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நடக்க முடிகிறவர் ஓட்டி வரும் பைக்கும், நடப்பதற்குப் பதிலாக ஒருத்தி வைத்திருக்கும் மூன்று சக்கர ஸ்கூட்டரும் ஒன்று என்று சொன்னால் அது நியாயம் இல்லை. அமெரிக்காவில் யோசெமிட்டி என்று ஒரு தேசியப் பூங்கா. அங்கே மற்ற வண்டிகளுக்கு மூடி வைத்திருக்கும் சில பாதைகளில், மாற்றுத்திறனாளி அட்டை ஒட்டிய வண்டியை மட்டும் விடுகிறார்கள். எச்சரிக்கை விளக்கை எரியவிட்டுக்கொண்டு, மணிக்கு 15 மைலுக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊரில் இதைச் செய்யப் பணம் எதுவும் தேவை இல்லை. அடையாள அட்டை எங்கள் கையில் இருக்கிறது, வண்டி எண் பதிவில் இருக்கிறது. தார் போட்ட இடம் வரைக்கும், அல்லது ஜீப் போகிற இடம் வரைக்கும், மெதுவாக ஓட்டிப்போக ஒரு சுற்றறிக்கை போதும். சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்காக வருகிறவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திலேயே தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு இருக்கிறது. அந்த அனுமதியில் இன்னொரு வரி சேர்த்தால் ஆயிற்று.

அடுத்தது, போவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிய வேண்டிய விவரங்கள். ஓர் இடத்துக்குக் கிளம்பும்போது மற்றவர்கள் 'தண்ணீர் விழுதா' என்று கேட்பார்கள். நாங்கள் கேட்பது வேறு. வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை படி? கைப்பிடி உண்டா? நடுவில் உட்காரத் திண்ணை உண்டா? இதற்குப் பதில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தெரிந்தவர்களிடம் போன் போட்டுக் கேட்டால், "பக்கம்தான், ஒரு அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அவருக்கு ஐந்து நிமிடம். பேச்சிப்பாறை அணைப் பக்கம் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சரியான பக்கமாக வந்தால் மேல் மட்டத்திலேயே இறங்கி, பாலத்தைக் கண்ணால் பார்க்கலாம். தெரியாமல் ஆற்றுப் பக்கமாக வந்து மாட்டிக்கொண்டால் 115 அடி உயரத்துக்குப் படியைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். உலக்கை அருவிக்கு மலையேறித்தான் போக வேண்டும். அதை இன்றைக்கு இருக்கிறபடி எனக்குத் திறந்துவிடு என்று நான் கேட்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் போதும், வேறு இடத்துக்குப் போய்க்கொள்வேன். ஒவ்வொரு இடத்துக்கும் இந்த விவரங்களைப் படத்தோடு மாவட்டச் சுற்றுலா இணையதளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் போட வேண்டும். ஒருவர் இரண்டு நாள் அலைந்து அளந்து எழுதினால் முடிகிற வேலை.

இனி கழிப்பறை. பெண்கள் பலர் கூச்சப்பட்டு இதைப் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். ஊன்றுகோலோடு ஈரத் தரையில் இந்தியக் கழிப்பறைக்குள் போய்க் குந்தி எழுவது என்னால் முடியாது, காலிபர் மடங்காது. சக்கர நாற்காலியில் இருப்பவர் வாசலைத் தாண்டவே முடியாது. தண்ணீர் குடிக்காமல் மலையோர வெயிலில் அலைந்து சிறுநீர்த் தொற்று வந்து படுத்தவர்களை எனக்குத் தெரியும். முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014-லேயே கிடைத்துவிட்டது, இனி உங்களைப் போன்றவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று என்னிடமே சிலர் சொல்வதுண்டு. மரத்திலிருந்து விழுகிறவர்களும், பைக் விபத்தில் கால் போகிறவர்களும், சர்க்கரையால் விரலையும் பாதத்தையும் எடுக்கிறவர்களும், முட்டு தேய்ந்த பெரியவர்களும் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. ஒவ்வொரு சோதனைச்சாவடிக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு கழிப்பறை போதும். மூன்றடி அகல வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உட்காரும் பீங்கான், இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி, வாசலில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம். அப்புறம் அதைப் பூட்டி, சாவியை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. அதற்குள் விளக்குமாறும் வாளியும் அடுக்கி வைக்கவும் கூடாது.

'காட்டுக்குள் கான்கிரீட் போடச் சொல்கிறீர்களா' என்று இயற்கையை நேசிக்கிற நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. ஓடைக்கரையில் சிமென்ட் கொட்டினால் அந்த இடமே போய்விடும் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணல்மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அலைப்பக்கம் வரை போனார்கள். டிசம்பரிலேயே மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, திரும்பச் சரி செய்தார்கள். கடற்கரை மணலில் முடிந்தது, காட்டு மண்ணில் முடியாதா? மழைநீர் அடியில் ஓடிப்போகும்படி, மரத்தை வெட்டாமல் வளைந்து போகும்படி, சிறு தூரத்துக்குப் பலகைப் பாதை. காளிகேசம் போன்ற ஓர் இடத்தில், ஓடை கண்ணில் படுகிற மேடு வரைக்கும் வந்தால் போதும். பாறையில் இறங்க முடியாவிட்டாலும் அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்திருப்போம். குமரிமுனையில் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை 37 கோடி ரூபாயில் கட்டி 2024 டிசம்பரில் திறந்தார்கள். அது நம் மாவட்டத்துக்குப் பெருமை, எனக்கும் மகிழ்ச்சி. மலையோரத்துக்கு அதில் ஒரு சிறு பங்கு வந்தாலே நான் கேட்பதெல்லாம் நடந்துவிடும்.

காது கேளாதவர்களைப் பற்றி ஒன்று அவசரமாகச் சொல்ல வேண்டும், மழைக்காலம் என்பதால். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் காட்டு வெள்ளம் வந்துவிடும். அப்போது விசில் அடித்தோ, கத்தியோதான் ஆட்களைக் கரையேறச் சொல்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கும் காது கேளாத பையனுக்கு அது எப்படித் தெரியும்? சிவப்புக் கொடியும் சுழல் விளக்கும் எல்லா ஓடைக்கரையிலும் வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குக் கூட வருகிற ஆள்தான் முக்கியம். எந்தப் பறவை கத்துகிறது, இது எந்த மரத்துப் பட்டை என்று தொட்டுக் காட்டிச் சொல்ல, இந்தக் காட்டிலேயே வாழும் காணிப் பழங்குடி மக்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்களில் சிலருக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து வழிகாட்டிகளாக வைக்கலாம். காணிக் குடியிருப்புகளிலும் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிற எனக்கு ஒரு நாள் கஷ்டம். மழையில் வழுக்கும் மலைப்பாதையில் பஸ் நிற்கிற இடம் வரை ஆள் சுமந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வர முடியும் என்பவருக்கு வாழ்நாள் கஷ்டம். பாதை போடும்போது அவர்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

இதெல்லாம் சலுகை கேட்பது அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் கலை, பண்பாட்டு வாழ்விலும் நாங்கள் பங்குகொள்ள அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றச் சொல்கிறது. விதிகள் 2017-ல் வந்தன. ஐந்து ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவாருங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. காட்டுக்குள் இருக்கிறது என்பதற்காக ஒரு டிக்கெட் கவுன்டரும் கழிப்பறையும் பொதுக் கட்டடம் இல்லை என்று ஆகிவிடாது.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். ஒவ்வொரு ஆண்டும் விழா எடுக்கிறார்கள், சால்வை போடுகிறார்கள், உதவிப் பொருட்கள் தருகிறார்கள். அதற்கெல்லாம் நன்றி. இந்த முறை அதற்கு முன்பாக மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து ஒரு வண்டி ஏற்பாடு செய்யட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர், பார்வை இல்லாதவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர், காணிக் குடியிருப்பிலிருந்து ஒருவர் என்று எங்களில் சிலரை அழைத்துக்கொண்டு காளிகேசத்தில் தொடங்கிப் பேச்சிப்பாறை வரை ஒவ்வொரு வாசலிலும் இறங்கி அளந்து பார்க்கட்டும். கூப்பிட்டால் தையல் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நானும் வருகிறேன். ஸ்கூட்டருக்கான சுற்றறிக்கைக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். இப்போதே அதை எல்லாச் சோதனைச்சாவடிகளுக்கும் அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
தடிக்காரன்கோணம், கன்னியாகுமரி மாவட்டம்.