சோறு இலை ஓரத்துக்குப் போகட்டும்

மதுரை,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், மீதியில் உனக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிடும். அதனால் மெஸ் கணக்கு நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். காலை டிபன் ஓய்ந்துவிட்டது. மத்தியானத்துக்கு இலை நறுக்கப் பையன் வர இன்னும் நேரம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ நிறையச் சொன்னாய். எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்தும் மூன்று வாரமாக எடை 91 கிலோவிலேயே நிற்கிறது, தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது என்றாய். அதற்கெல்லாம் அம்மா ஏதோ ஆறுதல் சொன்னாள். கடைசியாக, குரலை இறக்கி, "பசி திரும்பி வருதுப்பா, பயமா இருக்கு" என்றாய் பார், அதற்கு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. 32 வருஷமாக ஊரான் பசியை வைத்துப் பிழைக்கிறவன் நான். அதைப் பற்றிப் பேச இந்த வீட்டில் எனக்குத்தான் உரிமை உண்டு.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து காட்டியது ஞாபகம் இருக்கிறதா? முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவோம், மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி நீளக் குழாயாக இருக்கும், அதற்குத்தான் ஸ்லீவ் என்று பெயர் என்றார். எடுக்கிற அந்த மேல் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறதாம். அதனால்தான் முதல் சில மாதம் உனக்குச் சாப்பிடும் நினைப்பே வரவில்லை. அது உன் வைராக்கியம் என்று நாம் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். இல்லை தாயி, அது கத்தி செய்த வேலை. இப்போது பசி திரும்புவதும் உன் குற்றம் இல்லை. ஐந்தாறு மாதத்தில் உடம்பு மெல்லத் தன் வழிக்கு வருகிறது, அவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்த பிள்ளை "பசிக்குது" என்று சொன்னால் வீடே சந்தோஷப்படும். நீ சொன்னால் மட்டும் நாம் ஏன் பயப்பட வேண்டும்?

ஆனால் எந்தப் பசி என்று பார்க்கத் தெரிய வேண்டும். மெஸ்ஸில் எனக்கு அது பழகிப்போன வித்தை. நிஜமாகவே பசியோடு வருகிறவன் உட்காரும்போதே சோற்றைக் கொண்டுவரச் சொல்லிவிடுவான். என்ன குழம்பு என்று கூடக் கேட்கமாட்டான். இன்னொரு ரகம் உண்டு. உட்கார்ந்து போர்டை இரண்டு தடவை படிப்பான், "வேற என்ன இருக்கு?" என்பான், கொண்டுவந்து வைத்தால் அடுத்த மேஜை இலையைப் பார்ப்பான். லாரி ஷெட்டில் ஒருத்தர் இருந்தார். வீட்டில் சண்டை என்றால் அன்றைக்கு எட்டு பரோட்டா. சண்டை இல்லாத நாளில் மூன்றிலேயே கை கழுவிவிடுவார். அவருக்கு எட்டு பரோட்டா போட்டுக் காசு வாங்கியவன்தான் நான், மறைக்கவில்லை. உனக்குப் பசி என்று தோன்றினால் ஒன்றே ஒன்று கேட்டுப் பார்: அவித்த முட்டை ஒன்று கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் பசி. முட்டை வேண்டாம், மிக்சர்தான் வேண்டும் என்றால் வந்திருப்பது பசி இல்லை. ஆபீஸில் யாரோ எதுவோ சொல்லியிருக்கிறார்கள்.

மிக்சர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் நான் பெங்களூர் வந்தபோது உன் அடுக்களை மேல்தட்டில் நாலு டப்பா பார்த்தேன். மிக்சர், தேன்குழல், ரிப்பன் பக்கோடா, நெய் பிஸ்கெட். நீ வாங்கியது இல்லை, எல்லாம் நாங்கள் பார்சல் கட்டியது. "புள்ளைக்கு ஒண்ணும் இறங்க மாட்டேங்குது, இதாவது கொறிக்கட்டும்" என்று உன் அம்மா கட்டினாள், நான்தான் ஆம்னி பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று டயட்டீஷியன் அம்மா கொடுத்த தாளைப் படித்த பிறகுதான் புரிந்தது. உன் சின்ன வயிற்றில் இரண்டு துண்டு கோழிக்கறி போனால் அது நின்று நிதானமாக இறங்கும், "போதும்" என்று வயிறு சொல்லும். முறுக்கும் பிஸ்கெட்டும் வாயிலேயே மாவாகிக் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு வாயே திறக்காது. கால் கிலோ போனாலும் கணக்கில் வராது. ஐஸ்கிரீம், பாயசம், நம் ஊர் ஜிகர்தண்டா எல்லாம் அதே ஜாதி. ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து எடை ஏறுவதற்கு இந்த வழுக்கும் சாமான் ஒரு பெரிய காரணமாம். இனிமேல் பார்சலில் வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும்தான் வரும், அதுவும் சின்னப் பொட்டலமாக. மேல்தட்டு டப்பாக்களை வாட்ச்மேன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு.

இனி இலைக்கு வருகிறேன். நம் இலையில் நடுவில் சோறு, ஓரத்தில் ரெண்டு கூட்டு பொரியல், கறி என்பது தொட்டுக்கொள்ள. உனக்கு அது அப்படியே தலைகீழ். முதலில் முட்டையோ மீனோ கறியோ பருப்போ, பிறகு காய், வயிற்றில் இடம் மிச்சம் இருந்தால் கடைசியாக ரெண்டு ஸ்பூன் சோறு. சோற்றில் ஆரம்பித்தால் நாலு வாயில் வயிறு அடைத்துவிடும், புரதத்துக்கு இடமே இருக்காது. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். இலை போட்டதும் முதல் வேலையாகத் தண்ணீர் டம்ளர் வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் பையன்களை விரட்டியிருக்கிறேன். உன் மேஜையில் சாப்பாட்டு நேரத்தில் டம்ளரே இருக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காக. நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை, இரண்டு லிட்டர் உள்ளே போய்விட வேண்டும்.

மெல்லுவதைப் பற்றி நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. உன் அத்தை பேரனுக்குக் காது குத்திய அன்று மண்டபத்தில் என்ன நடந்தது என்று நான் பார்த்தேன். "என்ன கோழி மாதிரி கொத்துற, நல்லா அள்ளிச் சாப்பிடு" என்று யாரோ சொல்ல, நீ கூச்சப்பட்டு ஒரு வாய் பிரியாணியை அவசரமாக விழுங்கினாய். முகம் வெளுத்தது. எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்து தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாந்தி வரவில்லை, வெள்ளையாக நுரை நுரையாக எச்சில்தான் வந்துகொண்டே இருந்தது. நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டது என்று நீ அப்புறம் சொன்னாய். பத்து நிமிஷம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாய், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. தோளைத் தொடலாம் என்று கை போனது. ஆனால் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் உனக்கு இன்னும் அவமானமாக இருக்குமே என்று திரும்பிப் போய்விட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இனி யார் அள்ளிச் சாப்பிடச் சொன்னாலும் காதில் வாங்காதே. ஒரு வாய், இருபது இருபத்தைந்து மெல்லு, கையைக் கீழே வை, அப்புறம் அடுத்த வாய். அந்த மாதிரி அடைப்பு அடிக்கடி வந்தாலோ, ரெண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதே, உடனே டாக்டரிடம் போ. வாந்தியால் பி1 வைட்டமின் குறைந்தால் நரம்பைப் பாதிக்கும் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

நாளைக்கு 60-லிருந்து 80 கிராம் புரதம் என்றார்கள். கேட்டால் மலைப்பாக இருக்கிறது. கடைக்கணக்கு மாதிரி எழுதிப் பார்த்தேன். முட்டை ஒன்றுக்கு 6 கிராம், காலையில் ரெண்டு என்றால் 12. மத்தியானம் குழம்பு மீன் 100 கிராம், அது 20-க்குப் பக்கம். சாயந்தரம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 8. ராத்திரி கோழி நாலு சின்னத் துண்டு, 75 கிராம் இருந்தால் 20. நடுவில் ஒரு கிண்ணம் தயிர், 6 அல்லது 7. கூட்டினால் 66, 67 வருகிறது. இட்லியில் ஒன்றுக்கு ரெண்டு கிராம்தான் தேறும். இதைக் கண்டுபிடித்த அன்று இட்லிச் சட்டியைப் பார்க்கவே எனக்குக் கோபமாக வந்தது. கறி வறண்டிருந்தால் உனக்கு அடைக்கும். வறுவலை விட்டுவிட்டுக் குழம்பிலேயே வேகவிட்டு எடு. தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டால் கெட்டியாகும், அதே கிண்ணத்தில் புரதம் கூடும். கணக்கு முடியாத நாளில் மட்டும் அந்தப் புரதப் பவுடரைக் கரைத்துக் குடி.

எடை நிற்கிறதே என்றாய். 118-ல் இருந்து 91-க்கு வந்திருக்கிறாய். 27 கிலோ. நம் அரிசி சிப்பம் ஒன்று 25 கிலோ தெரியுமா? அதைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறுகிற பையன் மூன்றாவது படியில் மூச்சு வாங்குவான். நீ அதை இத்தனை வருஷம் இறக்கி வைக்காமலே ஆபீஸ் போய்வந்திருக்கிறாய். உடம்பு நடுவில் கொஞ்சம் நின்றுதான் மறுபடி இறங்கும், எல்லோருக்கும் அப்படி நிற்குமாம். காலையும் மாலையும் மெஷின் மேல் ஏறாதே, வாரம் ஒரு நாள் போதும். அந்த மூன்று வாரத்திலும் ஜாக்கெட்டை டெய்லர் மறுபடி பிடித்தார் என்று நீயேதான் சொன்னாய். தலைமுடியும் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொட்டும், பிறகு முளைக்கும். அம்மா காய்ச்சி அனுப்பும் கரிசலாங்கண்ணி எண்ணெயைத் தேய்த்துக்கொள், அவள் மனசுக்காக. முடி வளர்வது முட்டையிலும் மீனிலும் இரும்பு மாத்திரையிலும்தான். அந்த இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதே, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. இரும்பை டீயோடும் போடாதே. ஆறாம் மாத ரத்தப் பரிசோதனைக்கு இப்போதே நாள் வாங்கிவிடு.

அத்தை கேட்ட "விசேஷம் ஏதாவது உண்டா" கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை கூடாது என்று டாக்டர் உத்தரவு, அதற்கு மேல் என் மகளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். "கஷ்டப்படாமல் குறுக்குவழியில் இளைச்சிட்டா" என்றும் யாரோ சொன்னார்களாம். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உன் பி.எம்.ஐ. அப்போது 46. சர்க்கரை வேறு இருந்தது. நம் ஆசிய உடம்புக்கு 27.5-லேயே இந்த ஆபரேஷனைச் செய்யலாம் என்று 2022-ல் உலக அளவில் டாக்டர்கள் சங்கங்களே விதியை மாற்றிவிட்டன. பாதி வயிற்றுக்கு மேல் வெட்டிக் கொடுத்தது குறுக்குவழி என்றால், அவர்கள் அந்த வழியில் ஒரு நாள் நடந்து பார்க்கட்டும்.

இன்னொன்று எழுதக் கொஞ்சம் கூசுகிறது. நீ நாலாவது படிக்கும்போது நான் மெஸ் பூட்டி வர ராத்திரி பத்தரை ஆகும். நீ தூங்காமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாய். வாழை இலையில் ரெண்டு பரோட்டாவும் தூக்கில் சால்னாவும் கொண்டுவருவேன். நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட நேரமே அதுதான். நீ இன்னும் ஒன்று கேட்டால் என் பங்கிலிருந்து பிய்த்து வைப்பேன். பிள்ளைக்கு என்னால் வேறு என்ன கொடுக்க முடிந்தது அன்றைக்கு? ஆபரேஷன் முடிந்து உன் வீட்டில் பத்து நாள் இருந்தேனே, அப்போதுதான் ஒன்று கற்றுக்கொண்டேன். 40 லிட்டர் சாம்பார் அண்டாவைத் தனியாக இறக்குகிற கையால், மருந்து பாட்டில் மூடியில் 30 மில்லி பருப்புத் தண்ணீரை வடித்துக் கால் மணிக்கு ஒரு தடவை உனக்குக் கொடுத்தேன். நீ அதைக் குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். திண்ணையில் பேசியதை விட அதிகம்.

பொங்கலுக்கு நீயும் மாப்பிள்ளையும் வரும்போது உன் சின்னத் தட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பாத்திரக்கடையில் குழந்தைகள் தட்டு ஒன்று எவர்சில்வரில் வாங்கிவிட்டேன், உன் பெயரும் வெட்டச் சொல்லியிருக்கிறேன். பந்தியில் உன் பக்கத்தில் நான் உட்காருகிறேன். யாராவது கரண்டியோடு குனிந்தால் என் இலைக்குத் தள்ளிவிடு.

அயிரை மீன்காரர் வந்துவிட்டார். வாளியில் துள்ளுகிற சத்தம் இங்கே கேட்கிறது. நான் போகாவிட்டால் உன் அம்மா சொன்ன விலைக்கே வாங்கிவிடுவாள். மீதியை ராத்திரி போனில் பேசுவோம்.

இப்படிக்கு,
அப்பா