கோஸ் தீவிலிருந்து அப்பாவுக்கு

கோஸ், ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. தம்பி கம்ப்ரசர் வாங்குவதைப் பற்றிப் போனில் சொன்னால் அவன் பேச்சை மாற்றிவிடுகிறான், அதனால் எழுதியே அனுப்புகிறேன். நான் நல்ல சுகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சாளையும் நெத்திலியும் இங்கே கிரீஸ் நாட்டிலும் உண்டு. சுட்டு, எண்ணெய் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து வைப்பார்கள். புளி மட்டும் கண்ணில் படாது.

ஆடிக் காற்று அங்கேயும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, ஆனால் வடக்கேயிருந்து அடிக்கும். மெல்தெமி என்பார்கள். நம்மூரில் கச்சான் காற்றை இழுக்கிற அதே கோடைத் தாழ்வழுத்தம் மேற்கே துருக்கி வரை நீண்டு கிடக்கிறது. பால்கன் பக்கம் அழுத்தம் கூடி நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது ஏஜியன் கடல். 20, 25 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகம் சாதாரணம், சில நாள் 35ஐயும் தாண்டும். ஒரு துண்டு மேகம் இராது. வானத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்லும் உங்கள் கணக்கு இங்கே செல்லாது.

தீவுக்குத் தெற்கே ஒதுங்கினால் அமைதி என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். அலை இராது, சரிதான். ஆனால் மலைமேல் ஏறிய காற்று இந்தப் பக்கம் சரிந்து விழும்போது வெளிக்கடலைவிட வேகமாக அறையும். முனையைத் திரும்பும் முன்பே பாயைச் சுருக்கிவிட வேண்டும். திரும்பிய பிறகு கை வைத்தால் துணி கிழியும்.

துறையில் படகைப் பக்கவாட்டில் கட்ட இடம் கிடைப்பது அபூர்வம். முன்பக்கம் அணியத்தில் நங்கூரம், பின்பக்கம் சுவருக்கு இரண்டு கயிறு. சுவருக்கு 40, 50 மீட்டர் முன்பே நங்கூரத்தை இறக்கி, பின்னோக்கி வந்துகொண்டே சங்கிலி விட வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கயிறு முதலில் கரையேறணும். பிறகு சங்கிலியை இறுக்கி, இன்ஜினைப் பின்னுக்குக் கொடுத்துப் பார்த்தால் நங்கூரம் பிடித்ததா என்று தெரியும். சிமி தீவில் துறை ஆழம். சங்கிலியில் கஞ்சம் பிடித்தவன் படகு சுவரில் இடிக்கும். சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து காலையில் சிக்குவதும் அங்கேதான். சிக்கினால் இரண்டையும் தூக்கி, அடுத்தவன் சங்கிலிக்கடியில் கயிறு நுழைத்து அணியத்தில் கட்டி, நம் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் கழன்றுவிடும். கயிற்றை அவிழ்த்தால் அவன் சங்கிலி கீழே போய்விடும்.

இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் கத்துவதற்கென்றே பக்கத்துக் காலிம்னோஸ் தீவின் துறையில் ஒரு கிழவர் இருக்கிறார். பழைய கடற்பஞ்சுக் குளியாளி, இடது கால் இழுத்து இழுத்து நடப்பார். யார் நங்கூரம் போட்டாலும் தப்பு என்பார். பாதி நேரம் அவர் சொல்வதுதான் சரி. ஓய்வு நாளில் எனக்குக் காப்பியும் பேச்சும் அவரோடுதான்.

அந்த ஊரே பஞ்சு குளித்துப் பிழைத்தது. தாத்தா காலத்தில் நம் ஆட்கள் சங்குக்கு இறங்கியதுபோல் இவர்களும் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். 1860களில் குழாய் வழியே காற்று வரும் உடுப்பு வந்தது. ஆழம் கூடிற்று, நேரம் கூடிற்று, மேலே வந்தவர்களுக்குக் கைகால் விழுந்தது. அங்கே ஒரு ஆட்டம் உண்டு: முன்னால் ஆடுகிறவன் கோலை ஊன்றிக் கால் நடுங்க நடுங்க அடிவைப்பான். முடங்கிய குளியாளியைத்தான் ஆடிக்காட்டுகிறான்.

தம்பி காற்றடிக்கும் கம்ப்ரசர் வாங்கிச் சங்கு குளிக்கப் போகிறான் என்று எழுதியிருந்தீர்களே, கிழவரிடம் சொன்னேன். “மேலே வர எவ்வளவு நேரம் எடுப்பான்?” என்றுதான் முதலில் கேட்டார். 10 மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே மூச்சில் போகும் நைட்ரஜன் உடம்பில் கரையும். சட்டென்று ஏறினால் குமிழியாகும். முதுகுத்தண்டில் அடைத்தால் கால் போச்சு. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கணும். பகல் முழுக்கக் கீழே கிடப்பவனுக்கு இந்தக் கணக்கும் போதாது. கம்ப்ரசர் தன் இன்ஜின் புகையையே உறிஞ்சினால் அதுவும் குழாய் வழியே அவன் மூச்சுக்குத்தான் போகும்.

முந்தாநாள் மாதா கோயிலில் கொடி ஏறியிருக்கும். ஐந்தாம் தேதி பவனியில் பேண்டு வாசிக்கும்போது அம்மாவைப் போனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வேண்டாம், கூட்டத்தில் தவறவிடுவாள். எனக்கும் அன்றைக்குப் படகில் ஆட்கள் இருப்பார்கள்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். பாங்குப் பிடித்தம், வேறொன்றும் நினைக்க வேண்டாம். அக்டோபரில் சீசன் முடிந்ததும் படகுப் பட்டறையில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்கிறேன்.

கம்ப்ரசருக்காக அக்கா வளையலை அடகு வைக்காதீர்கள். வைத்தாகிவிட்டது என்றால் ரசீதை அம்மா பெட்டியில் வைத்து, தவணைத் தேதியை எனக்கு எழுதுங்கள், மாமாவிடம் கைமாற்று கேட்டுத் திருப்பிவிடலாம். தம்பி உங்களோடு வள்ளத்துக்கே வரட்டும். வலைக்கு எவ்வளவு ஆகும் என்று அவனையே கணக்குப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்