பெட்டியைப் பிரித்த அன்றே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மேசை மேல் பரப்பியிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைமாறி வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி, போக்கிமான் சில்வர் கேம் கார்ட்ரிட்ஜ், 512 ஜிபி மைக்ரோஎஸ்டி கார்டு, பவர் பேங்க், இரண்டு கேபிள், ஒரு பெட்டி எல்இடி பல்பு. தேர்வில் குறையே இல்லை. ஆனால் பாதிச் சாமான் இன்னும் உறை பிரிக்காமலே கிடக்கிறதே அம்மா, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எந்தப் பொருளையும் திருப்பிக் கொடுக்க ஒரு கெடு உண்டு. கெடு முடியும்வரை யாரும் குறையைத் தேடிப் பார்ப்பதில்லை. முடிந்த பிறகு அது தானாகக் கண்ணில் படும். ஆகவே வந்த அன்றைக்கே சோதித்துவிடு. எதை, எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கார்ட்ரிட்ஜ். உன் மனசு அதில்தான் இருக்கிறது என்று தெரியும். சில்வர் ஜப்பானில் 1999-இல் வெளிவந்தது. அந்தக் காலக் கேம் பாய் கார்ட்ரிட்ஜில் நீ சேமிக்கும் ஆட்டம், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் ஒரு சின்ன ரேம் சிப்பில் போய் உட்காருகிறது. கருவியை அணைத்த பிறகு அந்தச் சிப்புக்கு உயிர் கொடுப்பது உள்ளே இருக்கும் காசு வடிவப் பேட்டரி. அதற்கு முந்தைய போக்கிமான் ஆட்டங்களான ரெட், புளூ கார்ட்ரிட்ஜ்களில் பேட்டரிக்கு அந்த ஒரு வேலைதான். சில்வரிலும் அதன் ஜோடியான கோல்டிலும் இரவு பகல் காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுகிறது. அதனால்தான் வயதில் மூத்த ரெட் இன்னும் சேமித்துக்கொண்டிருக்க, இளைய சில்வர் பேட்டரி தீர்ந்து கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

பேட்டரி செத்தாலும் ஆட்டம் ஓடும். திரை வரும், இசை வரும், இரண்டு மணி நேரம் விளையாடவும் முடியும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால்தான் சேமித்த ஆட்டத்தைத் தொடரும் ‘கன்டினியூ’ காணாமல் போயிருக்கும். எனவே புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கிச் சேமித்து, அணைத்து, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து ஒரு ராத்திரி முழுக்க வைத்திரு. அணைத்த கையோடு போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. அந்தச் சில நொடிகளுக்கு மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்சாரமே போதும். உள்ளே பழைய ஆள் சேமித்த ஆட்டம் இருந்தால், அதன் மேல் எழுதுவதற்கு முன்பே நகல் எடுத்துக்கொள். கணினியில் செருகும் கார்ட்ரிட்ஜ் ரீடர் கிடைக்கிறது. சில்வரின் சேமிப்பு மொத்தமே 32 கேபி, நொடிகளில் முடிந்துவிடும்.

போட்டதும் திரையில் வெறும் கருப்புப் பட்டையோ சிதறிய எழுத்தோ வந்தால் கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதே. பெரும்பாலும் அது அழுக்குதான். பஞ்சுக்குச்சியை 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உலோகப் பட்டைகளின் நீளவாக்கில் தேய். முதல் குச்சி கருத்து வரும், இரண்டாவது சாம்பல் நிறத்தில் வரும். குச்சி வெள்ளையாகவே வரும்வரை மாற்றிக்கொண்டே இரு. பிறகு ஐந்து நிமிடம் காயவிட்டுச் செருகு. வாயால் மட்டும் ஊதாதே. ஊதும்போது போகும் எச்சில் ஈரம்தான் பின்னாளில் பச்சைக் களிம்பாகப் பிடிக்கிறது.

அசலா போலியா என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொள். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அச்சு மேல் மையில்லாமல் அழுத்திய இரண்டு இலக்க எண் ஒன்று தடவினால் தெரியும். கீழ்ப்பக்க வாயில் எட்டிப் பார்த்தால் பச்சை மின்சுற்றுப் பலகையில் ‘நிண்டெண்டோ’ என்ற பெயர் இருக்கும். திறக்க வேண்டுமானால் சாதாரண ஸ்க்ரூடிரைவர் உதவாது, கேம்பிட் என்ற தனி வகை முனை, 3.8 மிமீ அளவில் வேண்டும். ஒரே ஸ்க்ரூதான். கழற்றிய பிறகு மேல் மூடியை நெம்பாதே. வாய்ப் பக்கமாகச் சற்றே தள்ளினால் கொக்கி விட்டு, தானே எழுந்து வரும்.

உள்ளே இருப்பது சிஆர்2025 பேட்டரி, 20 மிமீ விட்டம், 2.5 மிமீ கனம். மல்டிமீட்டரில் 3 வோல்ட் ஒட்டிக் காட்டினால் தொடவே வேண்டாம், மூடிவிடு. நன்றாக இறங்கியிருந்தால் மாற்று. வாங்கும்போது ‘டேப்’ (tab) வைத்த பேட்டரி என்று கேட்டு வாங்கு. இரண்டு பக்கமும் மெல்லிய தகடு ஒட்டி வரும் வகை அது. வெறும் காசு பேட்டரி மேல் நேராகச் சால்டரிங் அயர்ன் வைக்கக் கூடாது. சூட்டில் உள்ளே கெட்டுப் போகும், வெடிக்கவும் கூடும். அயர்ன் 350 டிகிரி செல்சியஸ் போதும், முனை மெலிதாக இருக்கட்டும். பழைய தகடு ஒட்டியிருக்கும் இடத்தில் கொஞ்சம் புது ஈயம் வைத்து இளக்கினால் பழைய ஈயம் சீக்கிரம் உருகும். முழுசாக உருகிய பிறகுதான் தகட்டைத் தூக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பலகையோடு ஒட்டியிருக்கும் செம்புப் படலமே பிய்ந்து வந்துவிடும். இந்த வேலையில் பலர் கெடுத்துக்கொள்வது இந்த ஓர் இடத்தில்தான். பிளஸ், மைனஸ் குறி பலகையிலேயே அச்சாகியிருக்கிறது, பார்த்து வை. பேட்டரியைக் கழற்றினால் பழைய சேமிப்பு போய்விடும் என்பதை மறக்காதே. நகல் எடுத்து வைத்திருந்தால் புது பேட்டரி போட்ட பிறகு அதே ரீடரால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

கழற்றிய காசு பேட்டரியை மேசையில் விடாதே. இரண்டு பக்கமும் பசை டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு வை. வீட்டுக்குச் சின்னக் குழந்தைகள் வந்து போகிறார்கள் என்று சொன்னாய். ஒன்றை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரிதானே என்று நினைக்காதே. அதில் மிச்சமிருக்கும் மின்னோட்டமே அதற்குப் போதும்.

ஸ்விட்ச் விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கம் கீழே மாடல் எண் இருக்கும். வெறும் எச்ஏசி-001 என்றால் 2017-இல் வந்த முதல் வகை, ஒரு சார்ஜில் இரண்டரை மணி முதல் ஆறரை மணி வரை ஓடும். அடைப்புக்குறிக்குள் -01 என்று கூடவே இருந்தால் 2019-இல் வந்த திருத்திய வகை, நாலரை முதல் ஒன்பது மணி வரை நிற்கும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எந்த வகைக்குக் காசு கொடுத்தாய் என்று முதலில் இதைப் பார். அடுத்து இணையத்தில் இணைத்து, நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பைத் திற. முந்தைய ஆளின் செயலால் தடை செய்யப்பட்ட கருவி, ஆட்டத்தை எல்லாம் சரியாக ஓட்டிவிட்டு இந்த இடத்தில் மட்டும் மறுக்கும். அதைப் பழுது பார்த்துச் சரிசெய்ய முடியாது, திருப்பிக் கொடுப்பது ஒன்றே வழி. பழைய கணக்கு எதுவும் உள்ளே இல்லை என்பதை உறுதி செய்து, செட்டிங்ஸில் முழுசாக அழித்துவிட்டு உன் கணக்கைப் போடு.

ஜாய்-கான் என்ற பக்கவாட்டுக் கன்ட்ரோலர் இரண்டையும் ஸ்விட்ச்சின் தண்டவாளத்தில் மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டி, சார்ஜ் ஏறுகிறதா பார். பிறகு கன்ட்ரோலர் செட்டிங்ஸில், கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கைச் சரிபார்க்கும் திரைக்குப் போ. விரலை எடுத்ததும் குறி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். எட்டுத் திசையிலும் தள்ளித் தள்ளி விடு, ஒவ்வொரு முறையும் நடுவுக்கே வர வேண்டும். வராமல் ஒரு பக்கம் நகர்ந்தால் அதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். ஸ்டிக்குக்குள் கரிப்படலம் ஒன்றின் மேல் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். படலம் தேய்ந்தாலோ தேய்ந்த துகள் சேர்ந்தாலோ கருவிக்குத் தப்பான அளவு போகிறது. மென்பொருளில் சரிக்கட்டினால் சில நாள் ஓடும், அவ்வளவுதான். நிரந்தரமாகத் தீர வேண்டுமானால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வாங்கி மாற்று. அதில் காந்தத்தை வைத்து அளக்கிறார்கள், உரசல் இல்லை, எனவே அந்தத் தேய்மானமும் இல்லை. மாற்றுவதற்கு ஒய்00 என்ற மூன்று இறக்கை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ரிப்பன் கேபிளைப் பிடித்து இழுக்காதே, அதன் தாழை நகத்தால் நிமிர்த்திவிட்டு எடு.

மெமரி கார்டைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் போலியும் அசலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். போலியில் உள்ளே 32 ஜிபி இருந்தாலும் கணினியில் 512 என்றே காட்டும்படி எழுதி வைத்திருப்பார்கள். முதல் 32 ஜிபி ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் போடுவது எதுவும் ஒழுங்காக நிற்காது, முன்பு பதிந்ததன் மேலேயே போய் விழவும் செய்யும். மூன்று மாதம் கழித்து ஓர் ஆட்டம் திறக்க மறுக்கும்போதுதான் தெரியவரும். அசல் 512 ஜிபி கார்டை விண்டோஸில் செருகினால் சுமார் 476 என்று காட்டும், அதைப் பார்த்துப் பயப்படாதே. கணினி 1024-இன் பெருக்கில் எண்ணுகிறது, கார்டு செய்தவர்கள் ஆயிரத்தில் எண்ணுகிறார்கள், வித்தியாசம் அதனால் வருகிறது.

விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, பிறகு எழுதியதை எல்லாம் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 60 எம்பி வேகத்தில் எழுதி 90-இல் படித்தாலும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். கார்டு ரீடர் பழைய யூஎஸ்பி 2.0 வகையாக இருந்தால் எட்டு மணி தாண்டும், எனவே தூங்கப் போகும்போது போட்டுவிடு. பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் வைத்துக்கொள்ளாதே. சரியாக இருந்தால் ஸ்விட்ச்சுக்குள்ளேயே பார்மட் செய். இதைவிட வேகமான கார்டு வாங்கியிருக்கலாமோ என்று யோசிக்காதே. ஸ்விட்ச் யூஎச்எஸ்-1 என்ற கார்டு வகையின் வேகத்துக்கு மேல் போகாது, மேலே கொடுக்கும் காசு வீண். ஆனால் பின்னால் ஸ்விட்ச் 2 வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள். அது ஆட்டங்களை மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டில் மட்டும்தான் வைக்கும், இந்தக் கார்டிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 37 வாட்-மணி. மின்னழுத்தம் மாற்றுவதில் போகும் நஷ்டம் போக, கைக்கு வருவது 31 வாட்-மணி அளவு. ஸ்விட்ச்சின் பேட்டரி 4310 எம்ஏஎச், அதாவது 16 வாட்-மணி. எனவே இரண்டு முறை முழுசாக ஏற்ற முடியாது, இரண்டாவது முறை பாதிக்கு மேல் போய் நின்றுவிடும். அது பழுதில்லை. விமானத்தில் கொண்டுபோனால் கைப்பையில் மட்டும் வை.

கேபிள் இரண்டில் மெலிந்த வெள்ளைக் கேபிளால் போனிலிருந்து கணினிக்கு ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்றால் கணினி போனையே கண்டுகொள்ளாது. யூஎஸ்பி-சி முனை இருப்பதாலேயே வேகம் வந்துவிடாது, பல கேபிள்கள் உள்ளே பழைய 480 மெகாபிட் வேகம்தான். ஸ்விட்ச்சை டாக் என்ற தாங்கியில் வைத்து டிவியோடு இணைக்கும்போது 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரைச் செருகிவிட்டு டிவியில் படம் வரவில்லை என்று டாக்கைக் குறை சொல்பவர்கள் நிறைய.

பல்பு விஷயம் சின்னதுதான். வாட்டைப் பார்க்காதே, வெளிச்சத்தின் அளவான லூமன் பார். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமன். படிக்கும் மேசைக்கு, நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90 உள்ளதை வை. நாலாபக்கமும் மூடிய கூண்டுக்குள் போடாதே, சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளிருக்கும் மின்சுற்று சீக்கிரம் போய்விடும்.

நான் இந்த மாதம் வாங்கியதைக் கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் எடை மெஷின், ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி எட்டு, நுரை வைத்த இருபக்க டேப். எடை மெஷின் நீயும் வாங்குவாய் என்பதால் சொல்கிறேன். அளவுக் குவளையால் 500 மில்லி தண்ணீர் ஊற்றி, பாத்திர எடை நீக்கி, 500 கிராம் ஒட்டி வருகிறதா பார். தட்டின் நான்கு மூலையிலும் ஒரே பொருளை வைத்துப் பார். இன்னொன்று, பொடியைத் துளித்துளியாகத் தூவினால் எண் நகராமலே நிற்கும். மெஷின் பழுதென்று நினைப்போம். உண்மையில், மெதுவாக ஏறும் சிறு எடையைத் தட்டு பூஜ்யத்திலிருந்து விலகிய பிசகு என்று எண்ணி அதுவே கழித்துவிடுகிறது. 

ஏஏ பேட்டரியில் 2500 எம்ஏஎச் என்று ஆசை காட்டுவதைவிட 2000 அளவிலானது நீண்ட நாள் உழைக்கும். ஜோடியாகக் குறியிட்டு, ஜோடியாகவே சார்ஜ் போடு. புதியதையும் பழையதையும் ஒரே கன்ட்ரோலரில் கலந்தால் பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றது அதைத் தலைகீழாக இழுத்துக் கெடுக்கும். டேப் ஒட்டும் இடத்தை அதே ஐசோபுரொப்பைலால் துடைத்து, முப்பது நொடி அழுத்திப் பிடித்து, ஒரு நாளாவது கழித்துப் பாரம் மாட்டு. ஒட்டியவுடன் மாட்டுவதால்தான் பாதி கொக்கிகள் ராத்திரியில் கீழே விழுகின்றன.

இன்று ராத்திரியே கார்டு சோதனையைப் போட்டுவிட்டுத் தூங்கு அம்மா. காலையில் திரையில் என்ன எழுதியிருந்தாலும் படமெடுத்து அனுப்பு. கார்ட்ரிட்ஜைத் திறப்பதாக இருந்தால், அயர்னைச் சூடாக்குவதற்கு முன் உள்பலகையையும் ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா