ஏரிக்கரைச் சுவர் முடிந்தது, எல்லோருக்கும் நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் ஏரிக்கரையில் மாடும் மேய்ப்பவருமாகக் கருங்கல்லில் செதுக்கிய சிற்பச் சுவரில் கடைசிக் கல்லும் நேற்று ஏறிவிட்டது, சாரத்தைப் பிரித்துவிட்டோம். இந்தச் சுவர் வருமா வராதா என்று நாம் பட்ட பாடு பென்னாகரம் வட்டாரத்துக்கே தெரியும், அதை மறுபடி கிளறப் போவதில்லை. வேண்டாம் என்றவர்களும் நேற்று வந்து கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் போனார்கள். அது போதும்.

முதல் நன்றி பஸ் ஸ்டாப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

சித்திரையில் எல்லாம் நின்றுபோயிருந்த நேரம். ஓவியர் தம்பி தாளில் வரைந்ததை செல்போனில் காட்டினால், தீப்பெட்டிப் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு செலவு?" என்றுதான் கேட்டார்கள். அக்கா எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. ரவிக்கை வாங்கப் போன என் மனைவியிடம், "சுவரு எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அப்புறம் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் கிடந்த பழைய ஃபிளெக்ஸ்களைச் சேர்த்து, வெள்ளைப் பின்பக்கம் வெளியே வரும்படி ஒட்டுப்போட்டு, 32 அடி நீளம் 7 அடி உயரத்துக்கு ஒரே துணியாகத் தைத்துக் கொடுத்தார். கயிறு கோர்க்க ஓரத்தில் காதுகள் வேறு. மெஷின் ஊசி உடைந்ததைக்கூட அவர் மகள் சொல்லித்தான் தெரியும்.

தம்பி அதில் கட்டம் போட்டுக் கரியால் முழு அளவில் வரைந்தார். கரைமேல் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே கட்டினோம். சுவர் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு அன்றோடு போய், படம் சரியா தப்பா என்ற பேச்சு வந்துவிட்டது. பிள்ளைகள் நாய் எங்கே என்றார்கள், நாய் சேர்ந்தது. மாடு மேய்க்கும் பாட்டி ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம மாடு இல்ல சாமி. கொம்பு காங்கேயமாட்டம் விரிஞ்சிருக்கு. நம்ம ஆலம்பாடி மாட்டுக்கு அடியில நெருங்கி நின்னு பின்னாடி சாயும்" என்றார். அங்கேயே கரியைத் துடைத்து வரைந்தார் தம்பி. இன்று கல்லில் இருப்பது பாட்டி சொன்ன கொம்புதான்.

மற்றவர்களைச் சேர்த்தே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வெட்டி மிஞ்சிய கருங்கல் பலகைகளை அடக்க விலைக்குத் தந்த கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைக்காரர்கள், கரை மண்ணைப் பார்த்து அஸ்திவாரத்தை ஆழப்படுத்தச் சொன்ன பொறியாளர், தீர்மானம் போட்ட ஊராட்சி மன்றத்தார், சிற்பிகளுக்கு முறைவைத்துச் சோறு போட்ட வீடுகள், உண்டியலை உடைத்த பள்ளிப் பிள்ளைகள். எல்லோருக்கும் நன்றி.

ரோடு போடாமல் சிற்பம் எதற்கு என்று கேட்டது நியாயமான கேள்விதான். ரோட்டுக்கும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். ஆநிரை மீட்கப்போய் மாண்டவனுக்கு ஊர் எடுத்த கல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகற்கள் நம் பக்கத்திலும் செங்கம் பக்கத்திலும் கிடைத்திருக்கின்றன, ஏறக்குறைய 1,400 வருஷம். அன்றைக்கும் ரோடு நன்றாக இருந்திருக்காது! பெயின்ட் அடித்தால் நம் வெயிலுக்கு நாலைந்து வருஷத்தில் உரிந்துவிடும் என்றுதான் செலவானாலும் கல் என்று நின்றோம். நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைக்காததில் சிலருக்கு மனவருத்தம். எனக்கு இல்லை. சுவரில் மாடு இருக்கிறது, மேய்ப்பவர் இருக்கிறார், நாய் இருக்கிறது. நமக்கு அங்கே என்ன வேலை?

கல்லும் கவனிப்பாரில்லாமல் கெடும். அதனால் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். வருஷாவருஷம் மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் சுவரைக் கழுவி, கரையில் முள் வெட்டுவது எங்கள் குழுவின் பொறுப்பு. எந்தக் கட்சிப் போஸ்டரும், எங்கள் வீட்டுக் கல்யாணப் போஸ்டரும் அதில் ஏறாது. ஏறினால் என் வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் வரவு செலவை முழுசாக வாசிப்போம். அதில் 'தையல் கூலி, பாக்கி' என்று ஒரு வரி வரும். அக்கா வாங்கவே மாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னாலாவது கேட்கிறாரா பார்ப்போம்.